தூங்கவைத்த விஎம் (மெய்நிகர் கணினி) எழும்போது ரீபூட் ஆகிறது

ஐபிஎம் பவர் ப்ராசஸர் உள்ள சர்வரில் கியூஎமு 3.1 (விஎம்களை ஓட்டும் மென்பொருள்), மேலே அதை நிர்வகிக்கும் லிப்விர்ட். நேற்று இரவு டெஸ்ட் விஎம்மை லிப்விர்ட்டின் 'விர்ஷ் டொம்பிஎம்சஸ்பெண்ட்' கட்டளை கொடுத்துத் தூங்கவைத்தேன். எந்த எரரும் வரவில்லை. காலையில் 'டொம்பிஎம்வேக்கப்' கொடுத்தேன், அதுவும் வெற்றி என்றது. உள்ளே போய் அப்டைம் (பூட் ஆகி எவ்வளவு நேரம் என்று) பார்த்தால் 2 நிமிடம்! டிமக்ஸில் (டெர்மினல் அமர்வை விடாமல் வைத்திருக்கும் கருவி) ஓடவிட்டிருந்த கம்பைல் மொத்தமும் போச்சு. எழுப்ப முடியுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இல்லையா?

பதில் 1:
கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் இருக்கும் உதவி நிரல்) ஓடுகிறதா? அது இல்லாமல் டொம்பிஎம்சஸ்பெண்ட் வேலை செய்யாது.

கேட்டவர்:
ஓடுகிறது. தூங்குவதில் சிக்கலே இல்லை, எழுவதில்தான்.

பதில் 2:
இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். எழுப்பும் கட்டளை உள்ளுக்குள் ஒரு சிஸ்டம் ரீசெட்தான். விட்ட இடத்திலிருந்து தொடரவைக்க மெஷின் பக்கம் தனி ஆதரவு வேண்டும். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி வகை) ஏசிபிஐ என்ற பவர் மேலாண்மை முறை அதைச் செய்கிறது. உங்கள் பிசீரிஸில் (பவர் விஎம்களுக்கான மெஷின் வகை) அது கிடையாது, அதனால் வெறும் ரீபூட். பழைய கியூஎமு இதைச் சொல்லாமல் தலையாட்டிவிடும்.

4.0-க்கு மாறுங்கள். அதில் 'குவெரி-கரண்ட்-மெஷின்' என்ற கியூஎம்பி (கியூஎமுவுடன் நேரடியாகப் பேசும் இடைமுகம்) கட்டளை இருக்கிறது. பதிலில் 'வேக்கப்-சஸ்பெண்ட்-சப்போர்ட்' ஃபால்ஸ் என்று வந்தால் தூங்கவைக்காதீர்கள். சும்மா நிறுத்திவைக்க 'விர்ஷ் சஸ்பெண்ட்' போதும், அது விசிபியுவை (விஎம்மின் மெய்நிகர் சிபியு) மட்டும் நிறுத்தும். ராமையும் விடுவிக்க வேண்டுமென்றால் 'மேனேஜ்டுசேவ்', அது விஎம்மின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு நிறுத்தும்.

கேட்டவர்:
சரி, மேனேஜ்டுசேவ் போட்டுப் பார்த்தேன். டிமக்ஸ் அப்படியே இருக்கிறது. நன்றி அண்ணா.