தம்பியின் இடுப்பு நரம்பு வலி: புதுப்பிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத் திடலில் பந்தாடும் என் தம்பிக்கு, இடுப்பிலிருந்து இடது கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி என்று முன்பு எழுதியிருந்தேன். தொடையின் பின்தசையை நன்றாக இழுத்து நீட்டச் சொன்னவர்களே அதிகம். இயன்முறை மருத்துவர் முதலில் நிறுத்தியது அதைத்தான். இறுகியிருப்பது தசையல்ல; எரிச்சலுற்ற நரம்பை இழுத்தால் அது இன்னும் சீறும்.

இப்போது குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மெல்ல மார்பை உயர்த்துகிறான். நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி வகுத்த முறை இது. கால்வலி மேலேறி இடுப்பில் ஒடுங்கினால் நல்ல அறிகுறி. பாதம் நோக்கி இறங்கினால் உடனே நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் இது பொருந்தாது. இப்படி இடுப்பைப் பின்னோக்கி வளைத்தால் வலி கூடுபவர்களும் உண்டு.

அடுத்தது நரம்பு நழுவல் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்த வேண்டும். மடக்கும்போது குனிய வேண்டும். நரம்பு இழுபடாமல் முன்னும் பின்னும் நகரும். பார்க்க விளையாட்டாக இருக்கிறது, அம்மா சிரிக்கிறார்.

மிதமான ஓட்டம் தொடங்கிவிட்டான். பந்தை ஓங்கி உதைக்க இன்னும் அனுமதி இல்லை, அதில்தான் தினமும் சண்டை.

முந்தைய பதிவில், வலிக்கும் காலை உருவி விடலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: உருவுவது இருக்கட்டும்; தொடைகளின் நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, பாதம் தொங்கினாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.