மறு: அக்கரன்ஸ் = ‘தடவை’?

அனைவருக்கும் வணக்கம். நாட்காட்டிச் சேவைகளோடு பேசும் நம் நிரலின் தமிழ்ச் சொற்பட்டியலில் ‘அக்கரன்ஸ்’ (occurrence) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற இழையில் வந்த கேள்விகளுக்கு என் விடை இது.

> ஈவென்ட், அக்கரன்ஸ் இரண்டுக்குமே ‘நிகழ்வு’ என்று விட்டுவிடலாமே. இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

படிக்கிறவர் புரிந்துகொள்வார், சரி. நிரல் எழுதுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். ‘செவ்வாய்தோறும் காலை 10 மணிக்குக் கூட்டம்’ என்று பயனர் பதிந்து வைத்தது ஒன்று. வருகிற செவ்வாய் நடக்கப்போகும் கூட்டம் வேறொன்று. ‘நிகழ்வுகளைக் கொடு’ என்று ஒரு செயற்கூறுக்குப் (ஃபங்ஷன்) பெயர் வைத்தால் இரண்டில் எது வரும்?

சேவைக்குச் சேவை விடை மாறுகிறது. கூகுள் கேலண்டரில் சிங்கிள்ஈவென்ட்ஸ் என்ற அளவுருவை (பாராமீட்டர்) இயக்கினால் ஒவ்வொரு செவ்வாயும் தனித்தனியாக விரிந்து வரும். இயக்காவிட்டால் ‘செவ்வாய்தோறும்’ என்பது போன்ற விதியைச் சுமந்த மூலப்பதிவு வரும். மைக்ரோசாஃப்ட் நாட்காட்டியை நிரல்வழி அணுகும் கிராஃபில் ஈவென்ட்ஸைக் கேட்டால் மூலப்பதிவு, கேலண்டர்வியூவைக் கேட்டால் விரித்தது. நாட்காட்டித் தரவைப் பகிரும் வெறும் ஐசிஎஸ் கோப்பு என்றால் ஆர்ரூல் என்ற விதிதான் இருக்கும், விரிப்பது நம் தலையில்.

அதனால் என் பரிந்துரை: பயனர் பதிந்தது நிகழ்வு. அது ஒவ்வொரு முறை நடப்பதும் ஒரு தடவை. ஒரே நாளோடு முடியும் கூட்டமும் ஒரு தடவை மட்டுமே கொண்ட நிகழ்வுதான். எந்தச் சேவையோடு பேசும் கூறு (அடாப்டர்) என்றாலும், எல்லாச் சேவைக்கும் பொதுவான இடைமுகத்துக்குத் தடவைகளையே தர வேண்டும். மூலப்பதிவும் விதியும் உள்ளேயே நின்றுவிடட்டும்.

இப்படிப் பெயர் வைத்ததும் செயற்கூறின் வடிவமும் தானாக வந்துவிடுகிறது. முடிவுத் தேதியோ எண்ணிக்கையோ இல்லாத விதிக்குத் தடவைகள் முடிவில்லாமல் போகும். ஆகவே ‘தடவைகளைக் கொடு’ என்பது எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று கேட்டே ஆக வேண்டும். ‘நிகழ்வுகளைக் கொடு’ என்று எழுதியபோது இது யாருக்கும் தோன்றவில்லை.

> ‘தடவை’ பேச்சுவழக்கு. ‘சான்றுரு’ (இன்ஸ்டன்ஸ்) இருக்கிறதே?

வகுப்பு (கிளாஸ்), பொருள் (ஆப்ஜெக்ட்) பற்றிப் பேசும்போது சான்றுரு தேவைப்படும். இங்கேயும் அதையே போட்டால் ‘தடவை வகுப்பின் சான்றுரு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சான்றுரு வகுப்பின் சான்றுரு’ என்றாகும். ‘முறை’யை எடுத்தால் மெத்தடோடு (வகுப்புக்குள் இருக்கும் செயற்கூறு) மோதுகிறது. பேச்சுவழக்கு என்பதை நான் குறையாகவே பார்க்கவில்லை. ‘இந்தத் தடவை மட்டும் மாற்று’, ‘இனி வரும் எல்லாத் தடவையும் மாற்று’ என்று பொத்தானில் அப்படியே எழுதலாம். ‘இந்தச் சான்றுருவை மட்டும்’ என்றால் யார் அழுத்துவார்கள்?

> அப்படியானால் எக்செப்ஷன் (விதியிலிருந்து மாறிய தடவை)?

‘விதிவிலக்கு’ வேண்டாம், அது பிழை கையாளும் இடத்துக்குப் போய்விட்டது. நேரம் மாற்றப்பட்டதைத் ‘திருத்திய தடவை’ என்றும், எக்ஸ்டேட்டில் (விதியிலிருந்து விலக்கிய நாட்கள்) வருவதை ‘நீக்கிய தடவை’ என்றும் சொன்னால் போதும்.

இதில் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. செவ்வாய்க் கூட்டத்தைப் புதனுக்குத் தள்ளினாலும், ஐசிஎஸ் வடிவத்தை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி 5545-இன்படி, எந்தத் தடவை என்று குறிக்கும் ரெக்கரன்ஸ்-ஐடியில் பழைய செவ்வாய் நேரமே இருக்கும். கூகுள், கிராஃப் இரண்டிலும் இதற்கு ஈடான புலம் உண்டு. இதை ‘மூலத் தொடக்கம்’ எனலாம். நிகழ்வின் அடையாளத்தையும் மூலத் தொடக்கத்தையும் சேர்த்தால் தடவையின் அடையாளம். நடக்கும் நேரத்தை அடையாளமாக வைத்தால், தள்ளிப்போட்ட கூட்டம் செவ்வாயிலும் புதனிலும் இரண்டாகத் தெரியும்.

ஆவணத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: தடவைகளை நிகழ்வின் சொந்த நேர மண்டலத்திலேயே விரிக்க வேண்டும். யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிட்டு விரித்தால், கோடைகால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவது) கடைப்பிடிக்கும் இடங்களில் 10 மணிக் கூட்டம் 9-க்கோ 11-க்கோ போய் நிற்கும்.

மறுப்பு இல்லையென்றால் தடவை, திருத்திய தடவை, நீக்கிய தடவை, மூலத் தொடக்கம் நான்கையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடாப்டருக்குப் ‘பொருத்தி’யா ‘தகவி’யா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இரண்டுமே எனக்கு இன்னும் ஒட்டவில்லை.