புதுப்பிப்பு: மெர்லின் எஞ்சின் இப்போது சரியாகத் திணறுகிறது

நாங்கள் உருவாக்கும் 1940 பிரிட்டன் வான்போர் சிமுலேட்டரில், மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் திணறுவதை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டலாம் என்று கேட்டிருந்தேன். "நெகட்டிவ் ஜி (எல்லாம் மேல்நோக்கித் தூக்கப்படும் நிலை) வந்தால் சக்தியைக் குறைத்துவிடுங்கள், போதும்" என்றே பலரும் சொன்னீர்கள்.

அதோடு விட மனம் வரவில்லை. மெர்லினில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்தது மிதவை கார்புரேட்டர்; அதன் சிறு அறையில் பெட்ரோல் அளவை ஒரு மிதவை கட்டுப்படுத்தும். முதலில் பெட்ரோல் மிதவை அறையின் மேல்பக்கம் ஏறிவிட, எஞ்சின் பட்டினியில் இருமும். தொடர்ந்து தள்ளினால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து மூச்சுமுட்டும், கரும்புகை கக்கும். இரண்டையும் தனித்தனியாக எழுதி, தனித்தனி ஒலியும் கொடுத்துவிட்டோம்.

பலன் அருமை! எதிரியான ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் கார்புரேட்டர் இல்லாத நேரடி எரிபொருள் பீய்ச்சல் என்பதால் அது தயங்காமல் பாய்கிறது. துரத்தும் சோதனை ஆட்டக்காரர்கள், யாரும் சொல்லாமலே, நெகட்டிவ் ஜி வராமல் கீழே பாய, பாதி உருண்டு தலைகீழாகி ஸ்டிக்கை இழுக்கிறார்கள். அன்றைய பிரிட்டிஷ் விமானிகள் செய்ததும் அதையேதான்.

1941 ஸ்பிட்ஃபயருக்கும் இது உதவியது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் வடிவமைத்த சின்னத் துளைத் தகடு பெட்ரோல் பாய்ச்சலுக்கு உச்சவரம்பு வைத்தது. முதல் இருமல் அப்படியே இருக்கும், மூச்சுமுட்டல் மட்டும் போய்விடும். எங்களுக்கு ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை.

அடுத்தது, ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தைக் கையால் பம்ப் அடித்து மடக்குவது.