அல்காரிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். ஆறு மாதமாகப் பைதான் நிரல்மொழி கற்று வருகிறேன். லிங்க்டு லிஸ்ட், ட்ரீ, கிராஃப் என்று டேட்டா ஸ்ட்ரக்சர்கள் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்) பற்றிய காணொளிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தாலும் ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துவிடுகிறது. அண்மையில், ஒரு கடையின் வாடிக்கையாளர் பட்டியலில் இருமுறை பதிவான தொலைபேசி எண்களைக் கண்டறிய, லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைகள்) இன்னொரு லூப் வைத்து ஒரு நிரல் எழுதினேன். ஆயிரம் எண்களுக்கு உடனே விடை தந்த அது, ஒரு லட்சம் எண்களைக் கொடுத்தபோது நான் சாப்பிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாடத்தை முதலில் படிக்க வேண்டும்?

மறுமொழி 1:
அந்த நிரலையே முதல் பாடமாகக் கொள்ளுங்கள், காணொளிகள் காத்திருக்கட்டும். ஒவ்வோர் எண்ணையும் அதற்குப் பின்னுள்ள எல்லா எண்களோடும் ஒப்பிட்டால், ஆயிரம் எண்களுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பீடுகள். ஒரு லட்சம் எண்களுக்கோ ஏறத்தாழ 500 கோடி. எண்கள் 100 மடங்கு கூடியதற்கு வேலை 10,000 மடங்கு கூடியிருக்கிறது. மாறாக, காலியான செட் (ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணும் அதில் ஏற்கெனவே உள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு லட்சம் தேடல்களில் வேலை முடிந்துவிடும். செட்டுக்குப் பதிலாக, சாதாரணப் பட்டியலான லிஸ்ட்டை வைத்தால் பழைய கதைதான், ஏனெனில் லிஸ்ட்டில் தேடும்போது பைதான் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். செட் மட்டும் எப்படி உடனே சொல்கிறது என்ற கேள்வி எழும் அன்று அதன் அடிப்படையான ஹாஷ் டேபிளை (மதிப்பிலிருந்தே அதை வைக்கும் இடத்தைக் கணக்கிடும் அமைப்பு) படியுங்கள். பிறகு அது மறக்காது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அடுத்ததாக, வரிசைப்படுத்திய பட்டியலின் நடுவைப் பார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் தேடும் பகுதியைப் பாதியாக்கும் பைனரி சர்ச்சை நீங்களே எழுதிப் பாருங்கள். வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றைத் தேட அதற்கு 20 ஒப்பீடுகள் போதும். எளிதாகத் தோன்றினாலும் வழுக்கும் இடம் அது: ஜாவா நிரல்மொழியோடு வரும் நிலையான நிரல் நூலகத்திலேயே, தேடும் பகுதியின் கீழ், மேல் எல்லைகள் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில் மிகப் பெரிய பட்டியல்களுக்கு மட்டும் வெளிப்படும் பிழை ஒன்று பல ஆண்டுகள் இருந்து, 2006இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. எழுதியதும் 4, 9 என்ற இரண்டே எண்களில் 9ஐத் தேடச் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லைகள் எங்கே நிற்கின்றன என்று தாளில் குறியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செட்டை வைத்ததும் கண் இமைப்பதற்குள் விடை வந்துவிட்டது. பைனரி சர்ச்தான் 9ஐத் தேடப் போய்த் திரும்பவே இல்லை. தாளில் குறித்தபோது (இடங்களை 0 முதல் எண்ணுகிறோம்), நடு இடம் 0, கீழ் எல்லையும் 0 என்றே ஒவ்வொரு சுற்றிலும் வந்தது. கீழ் எல்லையை நடுவுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தாமல் நடுவிலேயே நிறுத்தியிருக்கிறேன்.