தொடை இடுக்கில் தடவும் ஸ்டீராய்டு க்ரீம் ரத்தத்தில் கலக்குமா?

மழைத்துளி:
படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டால் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத்தான் எடுத்துத் தருகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது, விட்டால் முன்னைவிட அகலமாகப் பரவுகிறது. மேல்பூச்சுதானே, உள்ளே எவ்வளவு போய்விடும்?

மருந்தாளுநர்:
எங்கே தடவுகிறோம் என்பதைப் பொறுத்தது. தோலின் மேல்படலம் 10–20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன்தான். 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) குறைந்த, கொழுப்பில் கரையும் மூலக்கூறு அதைக் கடந்துவிடும். குளோபெட்டசால் ப்ரோபியோனேட் 467. 1967-இல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து அளந்தார்கள். முன்கையில் ஊறுவது 1 என்றால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடையில் 13, விதைப்பையில் 42! இடுக்கில் வியர்வையும் மடிப்பும் சேர்ந்து கட்டுப்போட்ட மாதிரி மூடிவிடுவதால் இன்னும் கூடும்.

தோல்நோய்:
அரிப்பு அடங்குவது பூஞ்சை செத்ததால் அல்ல. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிறது, அந்த மறைவில் பூஞ்சை வளர்கிறது. வளைய வடிவமும் கலைந்துவிடும், டாக்டருக்கே அடையாளம் தெரியாது. தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்தால் அந்தத் தழும்பு மறையாது. குளோபெட்டசால் 0.05% வேறு நோய்க்கு எழுதித் தந்தாலும் 2 வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதே உச்சவரம்பு. நாளுக்கு 2 கிராமிலேயே, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியின் இயற்கையான ஸ்டீராய்டு சுரப்பு குறைந்தது பதிவாகியிருக்கிறது. மாதக்கணக்கில் நிறையத் தடவியவருக்குச் சோர்வு, தலைசுற்றல், வாந்தி வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும், ட்யூபையும் கையோடு எடுத்துப்போங்கள்.

மழைத்துளி:
அப்படியானால் எதைத் தடவுவது? குழந்தையின் டயாப்பர் சிவப்புக்கும் இதே ட்யூபைப் போடுகிறார்களே?

மருந்தாளுநர்:
குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, டயாப்பர் வேறு மூடிவைக்கிறது. ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் போட்டு, அடிக்கடி மாற்றிக் காற்றுப்பட விடுங்கள். 2, 3 நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியவரின் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து, டெர்பினாஃபைன் அல்லது லூலிகோனசோல். அட்டையில் '-சோன்', '-சால்' என்று பார்த்து முடிவுகட்டாதீர்கள், கீட்டோகோனசோல் பூஞ்சை மருந்து, குளோபெட்டசால் ஸ்டீராய்டு; சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்கவேண்டும். அளவு: ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஈரம் துடைத்துக் காயவிட்டு, தடிப்பைத் தாண்டி 2 செ.மீ. வரை பூசுங்கள். அரிப்பு நின்றதும் விட்டுவிடுவதால்தான் திரும்ப வருகிறது, டாக்டர் சொன்ன நாள்வரை தடவுங்கள்.

தோல்நோய்:
வீட்டில் யாருக்காவது படை இருந்தால் அவருக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும். துண்டு, உள்ளாடை தனித்தனி, வெந்நீரில் அலசி வெயிலில் காயவையுங்கள்.