பருத்திக்கு மருந்தடிக்கும் மாதங்களில் வரும் படபடப்பு: உங்கள் வீட்டிலும் உண்டா?

பெரம்பலூர்க்காரன்
எங்கள் சித்தப்பா கூலிக்கு மருந்தடிப்பவர். டேங்க்குக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு போவார். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை அவருக்குச் சீசன். அந்த மாதங்களில் ஆளே மாறிவிடுவார். தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு. பாத்திரம் விழுந்தால்கூடத் திடுக்கிடுவார். சோறு இறங்காது. "நான் இருந்து என்ன புண்ணியம்" என்று வேறு ஆரம்பித்துவிடுவார். பங்குனி பிறந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆவார். குடிதான் காரணம் என்றது ஊர். அவர் குடிப்பதே இல்லை. காற்றுக்கருப்பு என்று மந்திரித்துத் தாயத்தும் கட்டியாகிவிட்டது.

அவர் அடிப்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்துபோய், நடக்க நடக்க மருந்துத் தண்ணீர் முதுகில் வழியும். சட்டை தொப்பலாக ஒட்டிக்கொள்ளும். நாசில் அடைத்தால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. பாட்டிலில் கடும் விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும். கூடவே வரும் சீட்டில் எழுத்து எறும்பு சைஸ். உரக்கடைக்காரர் சொல்வதுதான் அளவு.

ஒருமுறை வயலிலேயே மயங்கி, ஆஸ்பத்திரியில் அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போட்டுப் பிழைத்தார். அந்த வருடம் மனச்சோர்வு பங்குனிக்குப் பிறகும் விடவில்லை. மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். கடன் இருக்கா, வீட்டில் சண்டையா, குடியா என்றெல்லாம் கேட்டார். என்ன வேலை என்று கேட்டு 'விவசாயம்' என்று எழுதிக்கொண்டார். எதை அடிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இது எங்கள் வீட்டில் மட்டும்தானா?

மனநலப் பிரிவு செவிலியர்
இல்லை தம்பி, நிறையப் பார்க்கிறோம். மோனோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் மாதிரி பூச்சிமருந்தெல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் உடைத்துப்போட உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் அசிட்டைல்கோலின் தேங்கும்: வியர்வை, எச்சில், கண்பாவை சுருங்குவது, தசை துடிப்பது. அதிகமாக ஏறினால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுபவர்களுக்குத் தூக்கமின்மை, எரிச்சல், பதற்றம் என்றுதான் வரும். அதை யாரும் மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993-லிருந்து 50,000-க்கும் மேற்பட்ட மருந்தடிப்பவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஒருமுறையாவது பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களிடம் மனச்சோர்வுக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. விஷமே ஏறாமல் வாழ்நாளில் அதிக நாள் அடித்தவர்களிடமும் அது கூடுதல்தான். உங்கள் சித்தப்பா இரண்டிலும் வருகிறார்.

கரிசல்
எல்லாவற்றையும் மருந்து தலையில் கட்டாதீர்கள். போன வருடம் காய்ப்புழுவில் முக்கால்வாசி போச்சு, நகை அடகில் மூழ்கியது. எனக்கும்தான் தூக்கமில்லை. நான் மருந்தடிப்பதில்லை, ஆள் வைத்துத்தான் அடிக்கிறேன்.

மனநலப் பிரிவு செவிலியர்
சரிதான் அண்ணா, கடனும் காரணம்தான். ஒருவருக்குக் கடனால் வந்ததா மருந்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அந்த ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, இவருக்கு இதனால்தான் என்று சொல்லாது. ஆனால் புழு அதிகமானால் கடன் ஏறும், அதே வாரம் மருந்தும் கூடுதலாக அடிப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் மேல்தான் விழுகிறது, அதுவும் பெரும்பாலும் நீங்கள் வைக்கிற அந்த ஆள் மேல்.

பேட்டரிப் பட்டறை
மருந்து இல்லை, எங்களுடையது ஈயம். பழைய பேட்டரி உடைத்து உருக்குகிற இடத்தில் இருந்தேன். வயிற்றுவலி, கூடவே காரணமில்லாத கோபம். ரத்தத்தில் ஈயம் பார்த்த பிறகுதான் டாக்டருக்கே விளங்கியது. வேலையை விட்டேன். வயிறு சீக்கிரம் சரியானது, கோபம் மெதுவாகத்தான் குறைந்தது.

பெரம்பலூர்க்காரன்
அக்கா, சித்தப்பாவுக்கு ரத்தத்தில் ஏதாவது பார்க்க முடியுமா?

மனநலப் பிரிவு செவிலியர்
கோலினெஸ்டரேஸ் என்று ஒரு பரிசோதனை, முன்னால் சொன்ன அந்த நொதியைத்தான் ரத்தத்தில் பார்ப்பது. ஆளுக்கு ஆள் அளவு மாறும், அதனால் சீசனுக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்தால்தான் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். சிவப்பணுவில் இருக்கும் நொதி பழைய நிலைக்கு வர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். அளவு இறங்கியிருந்தால் ஏறும்வரை மருந்துப் பக்கமே போகக்கூடாது. மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதுவும் தேவைதான்.

இன்னொன்று, இது முக்கியம். "இருந்து என்ன புண்ணியம்" என்கிறவர் வீட்டில் மருந்து பாட்டில் இருக்கவே கூடாது. மிச்சம் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். ராத்திரி அவசரம் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

பெரம்பலூர்க்காரன்
பரண்மேல் இரண்டு பாட்டில் இருந்தது அக்கா. கொண்டுபோய் நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகையில் வைத்துப் பூட்டியாச்சு, சாவி அவரிடம். வாஷரும் புதுசு வாங்கிவிட்டேன், ஆனால் இந்த சீசனுக்கு அவரை அனுப்பப்போவதில்லை. சித்திதான் கூலிக்கு என்ன செய்வது என்கிறார்.