20 லிட்டர் பானை ஒண்ணுதான் இருக்கு, மால்ட்டுல (முளைகட்டி காயவச்ச பார்லி) இருந்தே பியர் காய்ச்ச முடியுமா?

சிப்புட்பையன்: மலேசியா சுங்கை சிப்புட்ல இருக்கேன், டின்ல வர்ற ரெடிமேட் பியர் கிட் வேணாம், மால்ட் வாங்கி மொதல்லருந்தே பண்ணணும்னு ஆசை ஆனா 20 லிட்டர் ஸ்டீல் பானை, கேஸ் அடுப்பு, ஒரு தெர்மாமீட்டர் அவ்ளோதான் இருக்கு. யூடியூப்ல மூணு பாத்திரம் பம்பு பைப்புன்னு காட்றாங்க, அதெல்லாம் கட்டாயமா அண்ணே?

பால்மரம்: தேவையே இல்ல லா தம்பி. புரூ இன் எ பேக்னு (ஒரே பானைல பை வச்சு காய்ச்சற முறை) தேடுங்க. 10 லிட்டர் பியருக்கு 2.5 கிலோ மால்ட், 14-15 லிட்டர் தண்ணி. தண்ணி 69 டிகிரி வந்ததும் அடுப்ப அணைச்சு, பானைக்குள்ள வலைத்துணிப் பைய விரிச்சு, மால்ட்ட கட்டி தட்டாம கிண்டுங்க, 66க்கு இறங்கி நிக்கும், பழைய போர்வைய சுத்தி ஒரு மணி நேரம் விட்டா மாவுச்சத்து சக்கரையாயிடும். அப்புறம் பைய பிழிஞ்சு எடுத்துட்டு ஒரு மணி நேரம் கொதி, கசப்புக்கு போடற ஹாப்ஸ் பூ அப்பதான். பொங்கும், பக்கத்துலயே நில்லுங்க. மால்ட்ட ஒடைச்சே வாங்குங்க, மிக்ஸில போட்டு மாவாக்கிடாதீங்க.

லாடாங்மச்சான்: காய்ச்சறது ஈசி பாஸ், அப்புறம் ஆறவச்சு ஈஸ்ட் போட்டு புளிக்க விடறப்ப நம்ம ஊரு சூடுதான் தலவலி. சாதா ஏல் (ஒரு வகை பியர்) ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி கிட்ட வேணும், 32ல விட்டா தின்னர் வாடைதான். நார்வே குவைக் ஈஸ்ட் போடுங்க, 30லருந்து 40 வரைக்கும் ஜாலியா ஓடும். ஆறினப்புறம் அதுல படற கரண்டி, டியூப்பு எல்லாம் பியர் சாமானுக்கான சானிடைசர்ல (கிருமிநாசினி) முக்கணும்.

கள்ளுக்கடைமுக்கு: எல்லாம் சரி, மலேசியாவோட 1976 கலால் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது காய்ச்சக்கூடாது, மொதல்ல கஸ்டம்ஸ்ல கேளுங்க.